எந்த 'ஸ்டார்டஸ்ட்' வாங்கலாம்?

கேள்வி: புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறேன். இங்கே ஒரு பழைய ரெக்கார்டு கடையில், 'கன்ட்ரி' என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் வில்லி நெல்சனின் 'ஸ்டார்டஸ்ட்' ஆல்பம் இருக்கிறது. "1978-ல் வந்த முதல் அச்சு, கிடைப்பது அரிது" என்று 60 டாலர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: கொடுக்காதீர்கள். நல்ல ஆல்பம்தான், என் வீட்டில் மாதம் இரண்டு முறையாவது சுற்றும். ஆனால் அரிதானது இல்லை. அமெரிக்காவில் மட்டும் ஐம்பது லட்சம் பிரதிகள் விற்ற ஆல்பம் அது. பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் ஏறக்குறைய பத்து வருடம் இருந்தது. டெக்சஸில் பழைய ரெக்கார்டு விற்கிற கடையில் அரை மணி நேரம் தேடினால் ஒரு பிரதியாவது கையில் கிடைக்கும். நீங்கள் இருப்பதோ வில்லியின் சொந்த மாநிலம். அவர் பிறந்த ஆபட் ஆஸ்டினுக்கு வடக்கே இரண்டு மணி நேரப் பயணம்தான்.

உறையில் 35305 என்ற எண் (வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் ஆல்பத்துக்குக் கொடுத்த எண்) இருப்பதைக் காட்டி 'முதல் அச்சு' என்பார்கள். பிறகு அச்சான பிரதிகளிலும் அதே எண்தான் இருக்கும். அந்த எண்ணுக்காக ஒரு டாலர்கூட அதிகம் தர வேண்டாம்.

காசு கொடுக்க வேண்டியது ரெக்கார்டின் நிலைமைக்கு. இந்த ஆல்பத்துக்கு அது ரொம்பவே முக்கியம். சத்தமான ராக் ரெக்கார்டில் கீறல் இருந்தால் டிரம்ஸ் அதை மூடிவிடும். இதில் மூடுவதற்கு ஒன்றும் கிடையாது. வில்லியின் நைலான் நரம்பு கிடார், அக்கா பாபியின் பியானோ, மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கன், மெல்லிய டிரம்ஸ், பின்னால் ஆல்பத்தின் தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸின் ஆர்கன், நடுவில் நிறைய மௌனம். ஒரு துகள் இருந்தாலும் அந்த மௌனத்தில் 'டப்'பென்று கேட்கும்.

அதனால் கடையிலேயே ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மயிரிழைக் கீறல் பரவாயில்லை. விரல் நுனியில் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். போட்டுக் காட்டச் சொல்ல முடிந்தால் முதல் பாட்டைக் கேட்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கேளுங்கள்: முதல் பக்கத்தில் 'அன்செயின்ட் மெலடி', இரண்டாம் பக்கத்தில் 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ'. ரெக்கார்டின் நடுப்பகுதியை நெருங்க நெருங்கப் பள்ளத்தின் நெளிவுகள் நெருக்கமாகிவிடும். பழைய சொந்தக்காரர் தேய்ந்த ஊசி போட்டிருந்தால் அங்கேதான் 'ஸ' ஒலியெல்லாம் கரகரக்கும்.

தரத்துக்குக் கடைக்காரர்கள் எழுதும் குறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 'நியர் மின்ட்' என்றால் புதிது மாதிரி. 'வி.ஜி. பிளஸ்' (வெரி குட் பிளஸ்) நமக்குப் போதும். வெறும் 'வி.ஜி.' என்றால் பாட்டின் ஊடே இரைச்சல் கேட்கும். 'குட்' என்று எழுதியிருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, மோசம் என்றுதான் அர்த்தம். ஆரம்பத்தில் இது தெரியாமல் நானே தபாலில் ஒரு 'குட்' பிரதி வரவழைத்து, 'மூன்லைட் இன் வெர்மான்ட்' முழுக்க வறுக்கிற சத்தத்தோடு கேட்டேன். அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

என் கணக்கில் நல்ல வி.ஜி. பிளஸ் பிரதிக்கு 15, அதிகம் போனால் 20 டாலர்.

அப்புறம், உங்கள் பிளேயர் பெட்டி மாதிரி மூடி வைக்கிற மலிவு ரகமா என்று பாருங்கள். அவற்றில் பலவற்றில் ஊசி ஐந்து கிராம் வரை அழுத்தும். நல்ல பிளேயரில் சுமார் இரண்டு கிராம்தான். அதிகம் அழுத்தினால் நல்ல ரெக்கார்டும் தேய்ந்துவிடும். முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

கேள்வி: சிடியாக வாங்க நினைக்கிறேன். பத்துப் பாட்டு, பன்னிரண்டு பாட்டு, இரண்டு சிடி என்று மூன்று விதம் இருக்கிறதே?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: பத்துப் பாட்டு உள்ளதே ஆல்பம். 1999-ல் மறுபடி வெளியிட்டபோது இரண்டு பாட்டைக் கடைசியில் சேர்த்தார்கள். அதில் 'ஐ கேன் சீ கிளியர்லி நவ்' 1972-ல் வெற்றி பெற்ற பாட்டு. மற்றவை பெரும்பாலும் 1920 முதல் 1940-கள் வரை பிறந்தவை. கெர்ஷ்வின் இசையமைத்த 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ'யோடு அடங்க வேண்டிய ஆல்பம் வேறெங்கோ போய் முடிகிறது. விலை ஒன்றென்றால் வாங்குங்கள், பத்தாவது பாட்டில் நிறுத்திவிடுங்கள்.

2008-ல் வந்த முப்பதாம் ஆண்டுப் பதிப்பின் இரண்டாவது சிடி, அவருடைய மற்ற ஆல்பங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த பழைய பாட்டுகள். அந்த ஆல்பங்கள் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அது வீண் செலவு. ஒன்றுமே இல்லையென்றால் லாபம்.

கேள்வி: அப்பாவுக்கு ஃபிராங்க் சினாட்ரா பாடிய பாட்டு பிடிக்கும், கன்ட்ரி பாட்டு என்றாலே எழுந்து போய்விடுவார். அவருக்கு இதைப் பரிசாகக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், சிகாகோ

பதில்: தாராளமாக. பாடுகிறவர்தான் கன்ட்ரி, பாட்டுகள் பெரும்பாலும் பழைய பாப் பாட்டுகள். இதே சந்தேகம் 1977-ல் கொலம்பியா நிறுவனத்துக்கும் இருந்தது, மறுபக்கத்திலிருந்து: கன்ட்ரி கேட்கிறவர்கள் இர்விங் பெர்லின், டியூக் எலிங்டன் மாதிரிப் பழைய இசையமைப்பாளர்களின் பாட்டையெல்லாம் வாங்குவார்களா என்று. எதைப் பதிவு செய்வது என்பது தன் முடிவு என்று வில்லியின் ஒப்பந்தத்திலேயே இருந்ததால் அவர் பின்வாங்கவில்லை. அதிலிருந்த 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' அவருக்கு கிராமி வாங்கிக் கொடுத்தது.

சினாட்ரா பாட்டையே வில்லி பாடிய 'மை வே' என்ற ஆல்பமும் 2018-ல் வந்தது. ஆனால் அதைக் கொடுத்தால் அப்பா ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார். 'ஸ்டார்டஸ்ட்' வேறு மாதிரி. வில்லி தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தியும் முந்தியும் வார்த்தையை வைப்பார், குரலை உயர்த்தவே மாட்டார். தெரிந்த பாட்டு, தெரியாத ஆள் சொல்வது போல இருக்கும்.

கொடுக்கிற அன்றைக்கு நீங்களே இரண்டாம் பக்கத்தைப் போட்டு, ஊசியை மூன்றாவது பாட்டில் வையுங்கள். 'மூன்லைட் இன் வெர்மான்ட்'. வரிகளின் முடிவில் இயைபே இல்லாத பாட்டு அது. புக்கர் டி.யிடம் வில்லி முதலில் இசைக்கோர்ப்பு செய்யக் கேட்டது இந்த ஒன்றுக்குத்தான். அது பிடித்துப்போய்த்தான் முழு ஆல்பத்தையும் அவரிடம் ஒப்படைத்தார். அட்டையில் யார் பெயர் என்று அப்பா பார்ப்பதற்குள் பாட்டு பாதி ஓடியிருக்கட்டும்.