ரோபோக் கால் வாங்கலாமா?

கேள்வி: 2009இல் என் கணவரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்காலோடுதான் வயல் செய்கிறார். இப்போது அந்தக் காலில் புண் வந்து நாலு நாளாக வீட்டோடு இருக்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, ரோபோக் கால் எடுத்துத் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?
- ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அக்கா. தம்பி எதைப் பார்த்தார் என்று முதலில் கேளுங்கள். இடுப்பிலும் காலிலும் சட்டம்போல் மாட்டி நடக்கிற கருவி என்றால், அது கால் இருந்தும் அசைக்க முடியாதவர்களுக்கானது, முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களைப்போல. அந்த வகையில் ரீவோக் என்ற கருவிக்கு 2014இல் அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கு அனுமதி கிடைத்தது. அதற்கும் இரண்டு ஊன்றுகோலும், பழக்கப்பட்ட துணையாளும் வேண்டும். சி-லெக் போன்ற கணினி முழங்கால் என்றால், அது முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்கு. உங்கள் அவருக்குச் சொந்த முழங்காலே இருக்கிறதே!

மோட்டர் வைத்த கணுக்காலும் உண்டுதான். 1982இல் மலையேறப் போய்ப் பனியில் இரண்டு கால்களையும் இழந்த ஹியூ ஹெர் என்ற அமெரிக்கர் அதில் பெயர் எடுத்தவர். ஆனால் பற்றரி, பாரம், திருத்த ஆள் என்று யோசித்துப் பாருங்கள். வயல் சேற்றுக்கு அது தோதுப்படாது.

சரி, புண்ணுக்கு வருவோம். எந்தக் காலானாலும் உடம்போடு சேருவது சொக்கெற், அதாவது எஞ்சிய காலை நுழைக்கிற கிண்ணம். வருடங்கள் போகப்போக எஞ்சிய கால் மெலியும், கிண்ணம் மெலியாது. அப்போது கால் கீழே இறங்கி, எலும்பு முனை அடியில் முட்டும். புண் ஆறியபின் ஒன்று செய்து பாருங்கள். நெல்லிக்காயளவு களிமண்ணை மெல்லிய பொலித்தீனில் சுற்றிக் கிண்ணத்தின் அடியில் வையுங்கள். அவர் எஞ்சிய காலில் வழமையாகப் போடும் காலுறையோடு பொய்க்காலை மாட்டி எழுந்து நிற்கட்டும். பிறகு எடுத்துப் பாருங்கள். தட்டையாய் நசுங்கியிருந்தால் கால் அளவுக்கு மிஞ்சி இறங்குகிறது. இன்னொரு காலுறை போடலாம். உருண்டை தொடப்படாமலே இருந்தால் கால் உள்ளே சரியாகப் போகவில்லை, காலுறை கூடிப்போயிருக்கலாம்.

புண் ஆறும்வரை பொய்க்காலைத் தொடவேண்டாம். சீனி வருத்தம் இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி தினமும் இரவில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கண்ணாடி பிடித்து அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். காலையில் கழுவிய ஈரத்தோடு மாட்டினால் தோல் உரியும்.

தம்பியின் காசு புதுச் சொக்கெற்றுக்கும் சிலிக்கன் உறைக்கும் போகட்டும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும், பொய்க்கால் செய்து கொடுக்கிற ஜெய்ப்பூர் நிலையத்தில் அளவெடுக்கக் கேட்டுப் பாருங்கள். போகும்போது பழைய காலையும், வயலுக்குப் போடுகிற காலுறை எல்லாவற்றையும் கொண்டு போகச் சொல்லுங்கள்; துவைத்தது மட்டுமல்ல, கிழிந்ததையும்.