லினக்ஸ் நிறுவும்போது வரும் "ஜர்னலிங்" என்றால் என்ன?

ஹட்டன் பக்கம் ஒருவர் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினியில் உபுண்டு என்ற லினக்ஸைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டைப் பிரிக்கும் இடத்தில் சில பதிப்புகளில் "ஈஎக்ஸ்டி4 ஜர்னலிங்" என்று ஒரு வரி வரும். ஈஎக்ஸ்டி4 என்பது வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒரு முறை. எடுக்கலாமா? தாராளமாக.

ஜர்னல் என்பது வட்டிலேயே இருக்கும் சிறு குறிப்பேடு. எந்த இடத்தில் எதை மாற்றப் போகிறது என்பதை லினக்ஸ் முதலில் அதில் எழுதும். பிறகுதான் உரிய இடத்தில் மாற்றும்.

ஏன் இரட்டை வேலை? ஒரு கோப்பைச் சேமிக்க அதன் பெயர், அளவு, இருக்கும் இடம் என்று வட்டில் பல இடங்களில் எழுத வேண்டும். ஏப்ரல் பின்னேர இடியில் நடுவே கரண்ட் போனால் கணக்கு பாதியில் நிற்கும். மடிக்கணினிக்காவது பேட்டரி உண்டு, நாம் பூட்டிய பெட்டிக்கு அதுவும் இல்லை. ஜர்னல் இல்லாத பழைய ஈஎக்ஸ்டி2 முறை என்றால் கணினியை மறுபடி இயக்கும்போது முழு வட்டையும் சோதிக்கும். பெரிய வட்டென்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். ஈஎக்ஸ்டி4 என்றால் குறிப்பேட்டைப் பார்த்தே சரிசெய்துவிடும், பெரும்பாலும் சில விநாடிதான்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினையுங்கள். கணக்கப்பிள்ளை தராசடியிலேயே கைப்புத்தகத்தில் பெயரையும் கிலோவையும் குறித்துக்கொள்வார். செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் ஏற்றுவது அப்புறம். ஏற்றும்போது விளக்கு அணைந்தாலும் எல்லாரையும் திரும்ப வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. கைப்புத்தகம் இருக்கிறதே!

ஜர்னல் இருந்தால் தட்டச்சு செய்த கடிதமும் தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈஎக்ஸ்டி4 வழக்கமான அமைப்பில் காப்பது வட்டின் கணக்கைத்தான், நீங்கள் சேமிக்காத எழுத்தை அல்ல.