மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர்: மலை வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறார். எட்டு மாதமாக அம்லோடிபின் 5 மி.கி. தினமும் ஒன்று போடுகிறார். எப்போது பார்த்தாலும் 160/100, 170/100 என்றே இருக்கிறது. "அரசு மாத்திரை கேட்காது, கோயம்புத்தூர் போய்ப் பெரிய டாக்டரைப் பாருங்கள்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். போகத்தான் வேண்டுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மாத்திரை மேல் பழி போட வேண்டாம். அரசு மருந்தகத்தில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும் அம்லோடிபின் அதே மருந்துதான். எட்டு மாதமாக முதல் படியிலேயே நிற்கிறாரே, கோளாறு அங்கேதான். 160-க்கு மேல் உள்ள பெரும்பாலோருக்கு ஒரு மாத்திரை போதாது. 5 மி.கி. ஒழுங்காகப் போட்டு நான்கு வாரத்தில் 140/90-க்குக் கீழே வராவிட்டால் அடுத்த படி ஏற்ற வேண்டும். வழக்கமாக டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்ப்பார்கள். பிறகு அம்லோடிபினை 10, டெல்மிசார்டனை 80 என்று கூட்டுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் குளோர்தாலிடோன் 12.5 மி.கி. போன்ற, சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் மாத்திரை சேரும். ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ ஒரு மாதம். இதையெல்லாம் டாக்டர்தான் எழுத வேண்டும். ஆனால் அதற்கு மலையிறங்க வேண்டியதில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ (பி.எச்.சி.) கோத்தகிரி அரசு மருத்துவமனையிலோ முடிகிற காரியம்.

பிறகு ஏன் யாரும் ஏற்றவில்லை? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கூலி நாள் வீணாகாமல் மருந்து கிடைப்பது பெரிய உதவிதான். ஆனால் வருவது ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மாத்திரை. தன்னார்வலர் அளவைக் கூட்ட முடியாது. அவர் பார்க்கும் பிரஷரைத் தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு முறை 140/90-ஐத் தாண்டினால், மாத்திரை கையில் இருந்தாலும் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும்.

போவதற்கு முன் அம்மாவிடம் சில விஷயங்களை அதட்டாமல் கேளுங்கள். முதலாவது, மூட்டுவலி மாத்திரை. கூடை சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறவர்கள் மெடிக்கலில் "வலிக்கு ரெண்டு குடுங்க" என்று வாங்கிப் போடுவது சாதாரணம். அதில் இருப்பது பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென். இவை சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதைத் தடுத்துப் பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டனும் குளோர்தாலிடோனும் செய்கிற வேலையையும் கெடுக்கும். வலி மாத்திரை, டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். வலி தாங்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லி வேறு வழி கேட்பதுதான் சரி.

இரண்டாவது, மாத்திரையை உண்மையில் தினமும் போடுகிறாரா என்பது. அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நம் ஊரில் அது 'பனி இருமல்' என்றே போய்விடுகிறது. மாதக்கணக்கில் சிரப் குடிப்பார்கள். மருந்தை மாற்றினால், சில வாரங்களில் இருமல் நிற்கும். சிறுநீர் மாத்திரைக்கு வேறொரு தடை: இலை பறிக்கும் காட்டில் கழிப்பறை இல்லை. அதற்காகவே மாத்திரையை விடுகிற பெண்கள் உண்டு. வெட்கப்படாமல் வேலை நேரத்தைச் சொல்லி, எப்போது போடலாம் என்று கேளுங்கள்.

உப்பு கடைசி. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுக் கருவாடும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டால் கணக்கு நேராகாது.

டாக்டரிடம் போகும்போது சீட்டு மட்டும் போதாது. போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "எட்டு மாதமாக இதே மாத்திரை, குறையவே இல்லை, அளவைப் பார்த்து மாற்றித் தாருங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். ஓ.பி. கூட்டத்தில் சொல்லாதது விட்டுப்போகும். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), சோடியம், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், சர்க்கரை, ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

சிறுநீர் மாத்திரை உட்பட மூன்று மருந்துகளை முழு அளவில், விடாமல் போட்டும் 140/90-க்குக் கீழே வராவிட்டால்தான் பெரிய மருத்துவமனை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம்; தேவைப்பட்டால் அங்கிருந்து கோவைக்கு அனுப்புவார்கள். அங்கே தேடுவது பிரஷருக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று. பொட்டாசியம் குறைந்து தசை பிடித்திழுத்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைச் சந்தேகிப்பார்கள். அதற்கு ஆல்டோஸ்டிரோன், ரெனின் என்ற இரண்டையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். பலத்த குறட்டை, பகலில் தூங்கி விழுதல் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடை. வயது முப்பதுக்குள் இருக்கும்போதே பிரஷர் ஏறியவர்கள் மூன்றாவது மருந்து வரை காத்திருக்கக் கூடாது. முதலிலேயே இந்தச் சோதனைகளைக் கேட்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் மெஷின் வாங்கியிருக்கிறேன். மார்கழி, தை மாதக் காலையில் 158/96 காட்டுகிறது, மத்தியானம் 138/86. எதை நம்புவது?
– வாசகர், ஊட்டி

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். பனிக்காலத்தில் பிரஷர் சற்று ஏறுவது இயல்பு. ஆனால் மெஷினையும் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களின் கையேட்டில் 10 முதல் 40 டிகிரிக்குள் பயன்படுத்தவும் என்று போட்டிருக்கும். உறைபனி விழுந்த காலையில் ஊட்டி வீட்டுக்குள் பத்து டிகிரிக்கும் கீழே குளிர் இருக்கலாம். மெஷின் இரவெல்லாம் குளிர்ந்த அலமாரியில் கிடந்திருந்தால் அறை சூடான பிறகு கொஞ்ச நேரம் வெளியே வைத்து, புது பேட்டரியோடு பாருங்கள்.

ஸ்வெட்டர் மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். ஸ்வெட்டர் கையை இறுக்கிச் சுருட்டிவிட்டுச் சுற்றுவதும் தப்பு. ஒரு கையை ஸ்வெட்டரிலிருந்து வெளியே எடுத்துவிட்டுச் சால்வை போர்த்திக்கொள்ளுங்கள். மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிடுங்கள். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22–32 செ.மீ. கைக்குத்தான், பருத்த கைக்கு அது பிரஷரைக் கூட்டிக் காட்டும். டீ, காபி, பீடி முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சுயரத்தில் மேஜை மேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலை மாத்திரைக்கு முன்பும் மாலையும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டாலே அதிகம்தான். அந்தத் தாளைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு நாள் காலையில் பார்த்த எண்ணை அல்ல.

கேள்வி: அப்பாவுக்கு ராத்திரி 190/110 காட்டியது. அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. உடனே வண்டி பிடிக்க வேண்டுமா? நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: கொடுக்கவே கூடாது. பிரஷர் சட்டென்று சரிந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். வழக்கமான மாத்திரையை இரட்டிப்பாகவும் கொடுக்காதீர்கள். உட்கார வைத்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தொந்தரவு ஏதும் இல்லையென்றால் மறுநாள் காலையிலேயே அரசு மருத்துவமனையில் காட்டினால் போதும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு, தாங்க முடியாத தலைவலி. இதில் ஒன்று இருந்தாலும், பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. மலைப்பாதை. ஆகவே சி.டி. வசதி உள்ள இடத்துக்கே அழைத்துப் போகும்படி ஆம்புலன்ஸில் கேளுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மாத்திரை அட்டைகளோடு கொடுத்தனுப்புங்கள். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். விழுங்குகிற திறன் போயிருந்தால் புரையேறும்.

கேள்வி: மலைப்பூண்டு தினமும் நாலு பல் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: முடியாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் பூண்டு தாராளமாகச் சமையலில் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். அதைவிட அதிமதுரத்தைக் கவனியுங்கள். தொண்டைக் கரகரப்புக்கு வாரக்கணக்கில் மெல்லுகிறவர்களுக்கு அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றிவிடும். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் என்று போட்டிருந்தாலும் பிரஷர்காரர்கள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.