டெபிட் எடுக்கும் கடை உங்கள் டெபிட் கார்டை ஏன் எடுக்கவில்லை

தம்பி, இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் நாற்பது டொலருக்குச் சாமான் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, கொழும்பு வங்கி தந்த விசா டெபிட் கார்டை நீட்டினால் மெஷின் வேண்டாம் என்கிறது, கதவில் "டெபிட் உண்டு" என்று ஒட்டியிருக்கிறது, பிறகு ஏன் எடுக்கவில்லை, கார்ட் எடுக்கும் கடை எல்லாக் கார்டையும் எடுக்கத்தானே வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பின்னால் நின்ற ஆட்கள் முன்னால் அரிசி மூட்டையைத் திருப்பி வைத்துவிட்டு வந்த கூச்சம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. எனக்கும் வந்த புதிதில் இப்படி நடந்திருக்கிறது, விடுங்கள்.

நேரடிப் பதில்: இல்லை, அப்படி ஒரு சட்டம் இங்கே கிடையாது. கடைக்காரர் டெபிட் மட்டும் எடுக்கலாம், கிரெடிட் மட்டும் எடுக்கலாம், இரண்டும் வேண்டாம் காசு தாருங்கள் என்றும் சொல்லலாம். காசே வாங்க மாட்டோம் என்கிற கோப்பிக் கடைகள்கூட இருக்கின்றன, அதுவும் சட்டப்படி பிழை இல்லை.

உங்களைக் குழப்பியது "டெபிட்" என்ற சொல். கனடாவில் கடைக்காரர் டெபிட் என்றால் அது இன்டராக். 1984இல் இங்கத்தைய வங்கிகள் சேர்ந்து தொடங்கிய வலையமைப்பு அது, கடைகளில் நாடு முழுக்கப் பாவனைக்கு வந்தது 1994இல். உங்கள் கொழும்புக் கார்டும் வங்கிக் கணக்கிலிருந்துதான் காசை எடுக்கிறது, ஆனால் அது விசாவின் வழியால் போகிறது. இன்டராக் மட்டும் வைத்திருக்கிற கடைக்கு அந்த வழி தெரியாது. இங்கே ஒரு வங்கியில் கணக்குத் திறந்தால் தரும் கார்டில் பெரும்பாலும் இன்டராக் அடையாளத்தோடு விசா டெபிட் அல்லது மாஸ்டர்கார்ட் டெபிட் அடையாளமும் இருக்கும். இங்குள்ள கடையில் அது இன்டராக்காக வேலை செய்யும், இணையத்திலும் வெளிநாட்டிலும் மற்ற அடையாளமாக வேலை செய்யும்.

நீங்கள் சொல்கிற "எல்லாக் கார்டையும் எடுக்கவேண்டும்" என்ற விதி காற்றிலிருந்து வந்ததில்லை. அமெரிக்காவில் அது உண்மையாகவே இருந்தது, சட்டமாக இல்லை, விசாவும் மாஸ்டர்கார்டும் கடைக்காரரோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில். கிரெடிட் எடுத்தால் எங்கள் பெயர் போட்ட டெபிட்டையும் எடு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. வால்மார்ட் போன்ற பெரிய கடைகள் 1996இல் வழக்குப் போட்டன. 2003இல் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஏறக்குறைய 300 கோடி டொலர் தர இணங்கி, 2004 தொடக்கத்திலிருந்து கடைகள் இரண்டையும் பிரித்துத் தெரிவு செய்யலாம் என்று ஆனது. பிறகு அதே நிறுவனங்கள் கனடாவின் டெபிட் பக்கம் வரப் பார்த்தபோது இங்குள்ள சிறு கடைக்காரர்கள் சத்தம் போட, 2010இல் மத்திய அரசு ஒரு நடத்தைக் கோவை கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தின் கிரெடிட் கார்டை எடுக்கிற கடை அதே நிறுவனத்தின் டெபிட்டை எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை, மறுவளமும் அப்படியே என்று அதில் தெளிவாக இருக்கிறது.

ஆனால் கிரெடிட்டுக்குள்ளே அந்தப் பழைய விதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. விசா கிரெடிட் எடுக்கிறேன் என்று ஒட்டிவிட்டால், எந்த வங்கி கொடுத்த விசா கிரெடிட்டையும் எடுத்தே ஆகவேண்டும், சாதாரணக் கார்ட் சரி, பொயின்ட்ஸ் அள்ளிக் கொடுக்கும் விலையுயர்ந்த கார்ட் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்தப் பொயின்ட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? கணிசமான பங்கு கடைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்து.

இதை நான் கண்ணால் கண்டவன். மச்சானோடு சேர்ந்து மூன்று வருடம் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினேன், கொத்துரொட்டி, இடியப்பம், ரோல்ஸ். மாதம் முடிய மெஷின்காரரின் கணக்குத்தாள் வரும், இரவு கடை பூட்டியபின் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டெபிட்டுக்கு ஒரு தடவைக்கு ஏழெட்டுச் சதம், நூறு டொலர் என்றாலும் அவ்வளவுதான். கிரெடிட் என்றால் நூறுக்கு ஒன்றேமுக்கால் டொலருக்கு மேல் போய்விடும், சில கார்டுகளுக்கு இரண்டையும் தாண்டும். கல்யாண வீட்டுக்கு அறுநூறு டொலர் ஓடர் எடுத்த ஒருவர் கனமான கறுப்புக் கார்டைத் தட்டிவிட்டுப் போனார், அந்த ஒரு தட்டில் மூன்று கொத்துரொட்டியின் லாபம் போயிற்று என்று மச்சான் ஒரு கிழமை புலம்பினார். அடுத்த மாதமே பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் "டெபிட், காசு மட்டும்" என்று மார்க்கரால் எழுதி ஒட்டினோம். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், அதுவும் நட்டம்தான், மறுக்கவில்லை. அதனால் அப்படி எழுதியிருந்தால் வருமானவரியை ஒளிக்கிறான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், டெபிட் எடுத்தாலே கணக்கில் விழுந்துவிடும் அல்லவா.

இப்போது இன்னொன்று. 2022 ஒக்டோபரிலிருந்து விசா, மாஸ்டர்கார்ட் கிரெடிட்டுக்குக் கடைக்காரர் 2.4 வீதம் வரை மேலதிகமாக அறவிடலாம், கியூபெக்கில் மட்டும் அது இல்லை. ஆனால் முன்கூட்டியே அறிவித்திருக்கவேண்டும். பில்லில் திடீரென்று ஒரு வரி கூடியிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

மறுபக்கமும் வரும். கார் வாடகைக்கு எடுக்கப் போனால் பல இடங்களில் கிரெடிட் கார்டைத்தான் கேட்பார்கள், டெபிட்டில் எவ்வளவு காசு இருந்தாலும் சரி. கொஸ்ட்கோவுக்குப் போனால் விசா கிரெடிட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், அங்கே மாஸ்டர்கார்ட் கிரெடிட் அல்லது இன்டராக் டெபிட், இல்லாவிட்டால் காசு.

இந்தக் கிழமையே வங்கிக்குப் போய் இன்டராக் உள்ள டெபிட் ஒன்றும், புதிதாக வந்தவர்களுக்குக் கொடுக்கும் கிரெடிட் கார்ட் ஒன்றும் கேளுங்கள். கிரெடிட் கார்டில் போன் பில்லை மட்டும் போட்டு மாதாமாதம் முழுதாகக் கட்டிவாருங்கள், வீடு வாடகைக்குத் தேடும்போது அந்தக் கிரெடிட் வரலாற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். சட்டைப்பையில் ஒரு இருபது டொலர்த் தாள் மடித்து வைத்திருங்கள். டெபிட்டைத் தட்டாமல் உள்ளே செருகினால் மெஷின் "செக்கிங்கா சேவிங்ஸா" என்று கேட்கும், சம்பளம் விழுகிற கணக்கு பெரும்பாலும் செக்கிங்தான், அதை அமத்துங்கள். நான் முதல் தடவை சேவிங்ஸை அமத்திவிட்டு, காசு இருக்கிறது இருக்கிறது என்று காசாளரோடு வாதாடியவன்.