எட்டாம் கிரேடுக்கு இப்போதே கடனா?

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் பியானோத் தேர்வில் இரண்டாம் கிரேடை 104 மதிப்பெண்ணுடன் முடித்திருக்கிறான். மூன்றே ஆண்டுகளில் எட்டாம் கிரேடு வரை கொண்டுபோவதாக ஒரு பயிற்சி நிலையம் சொல்கிறது. முழுக் கட்டணத்தையும் முன்னதாகக் கட்ட வேண்டும். அதற்கான கடனையும் 36 தவணைகளில் அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். நாத்தனார் மகள் ஐந்தாம் கிரேடு முடித்துவிட்டதால் வீட்டில் தினமும் இதே பேச்சு. கடன் ஒப்புதல் ஆகிவிட்டது. கையெழுத்துப் போடலாமா? தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: போடாதீர்கள். தொகைகளை மறைக்கச் சொன்னதால், உங்கள் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் இப்போதைய வகுப்புக் கட்டணம் 6; புதிய தவணை 9. மூன்று ஆண்டுகளில் 216 செலவாக வேண்டிய இடத்தில் 324 செலவாகும். கூடுதலாகப் போகும் 108 என்பது, இன்றைய ஆசிரியரிடமே இன்னும் ஒன்றரை ஆண்டு படிப்பதற்கான பணம். தேர்வுக் கட்டணம் இதில் அடங்காது என்று நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

கடனை விட எனக்குக் கவலை தருவது, ஆண்டுக்கு இத்தனை கிரேடு என்று எண்ணிக் காசு கட்டும் வழக்கம்தான். கிரேடுகள் பள்ளி வகுப்புகளைப் போல ஒரே உயரமுள்ள படிகள் அல்ல. வகுப்பும் வீட்டுப் பயிற்சியும் சேர்த்து முதல் கிரேடுக்கு 60 மணி நேரம் என்று மதிப்பிடும் தேர்வு வாரியம், மூன்றாம் கிரேடுக்கு 120, ஐந்தாம் கிரேடுக்கு 180, எட்டாம் கிரேடுக்கு 320 என்று மதிப்பிடுகிறது. மூன்றிலிருந்து எட்டு வரை கூட்டினால் 1,260 மணி நேரம் வருகிறது. அதை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 35 மணி நேரம். அதாவது காய்ச்சல், பள்ளித் தேர்வு, விடுமுறை எதுவும் குறுக்கிடாமல் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல். உங்கள் மகன் வாரத்துக்கு மூன்று மணி நேரம் வாசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேகத்தில் கடைசித் தவணையைக் கட்டும் மாதத்தில் அவன் ஐந்தாம் கிரேடை ஒட்டி நிற்பான். மீதி மூன்று கிரேடுகளுக்கு 810 மணி நேரம், அதாவது ஏறக்குறைய இன்னும் ஐந்து ஆண்டுகள் வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளின் கட்டணம் தனி.

மதிப்பெண் தாளையும் அனுப்பியிருந்தீர்கள், அதற்கு நன்றி. மூன்று இசைத் துண்டுகளுக்கு 22, 21, 21, ஸ்கேல் எனப்படும் சுரவரிசைகளுக்கு 15, செவிப்புலன் தேர்வுக்கு 13. பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்கில் மட்டும் 12. அந்தப் பகுதியின் தேர்ச்சி அளவு 21க்கு 14. மொத்தம் 150க்கு 100 எடுத்தால் போதும் என்பதால் அவன் தேறிவிட்டான். ஆனால் பல மாதங்கள் மூன்று துண்டுகளையே திரும்பத் திரும்ப வாசித்து மனப்பாடம் செய்த பிள்ளையின் மதிப்பெண் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். புதிய இசைத் தாளைப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு ஒவ்வொரு கிரேடும் மேலே சொன்னதை விட அதிக மணி நேரம் எடுக்கும். இசை ஆசிரியர் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன்தான். ஆனாலும் அந்த மணி நேரத்துக்குப் பணம் கட்டுகிறவர் நீங்கள். அடுத்த சில மாதங்களுக்குத் தேர்வையே மறந்துவிட்டு, எளிய துண்டுகளை நிறைய வாசிக்க வைக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

உறவினருக்குப் பதில் சொல்ல இரண்டு விவரங்கள் உதவும். முதலாவது, ஒவ்வொரு கிரேடாகத் தேர்வு எழுத வேண்டும் என்ற விதியே இல்லை. மூன்றையும் நான்கையும் விட்டுவிட்டு நேராக ஐந்தாவதை எழுதலாம். கிரேடு ஏற ஏறத் தேர்வுக் கட்டணமும் ஏறும் என்பதால், இடையில் இரண்டு தேர்வுகளைத் தவிர்ப்பது உங்களுக்கு லாபம். இரண்டாவது, இந்த வாரியத்தில் ஆறாம் கிரேடோ அதற்கு மேலோ எழுத வேண்டுமானால் ஐந்தாம் கிரேடு தியரி எனப்படும் இசைக் கோட்பாட்டுத் தேர்வு அல்லது அதற்கு இணையான தேர்வு ஒன்றில் தேறியிருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் தியரி என்ற சொல்லையே நான் காணவில்லை. எட்டாம் கிரேடை விற்கிறவர் அதன் வாசற்கதவைப் பற்றி வாய் திறக்காதது எனக்கு வியப்பாக இல்லை. டிரினிட்டி என்ற இன்னொரு இசைத் தேர்வு வாரியத்தில் இந்த நிபந்தனை இல்லை என்றாலும், அதற்காக மட்டும் வாரியம் மாறச் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கு இது உதவும் என்று அந்த நிலையத்தார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு முதல் எட்டு வரையிலான கிரேடுகளுக்குப் பிரிட்டனின் சேர்க்கை முறையில் புள்ளிகள் உண்டு என்பது உண்மை. அவற்றைக் கணக்கில் எடுக்காத படிப்புகளும் ஏராளம். பதினொரு வயதில் அதை நம்பி வட்டி கட்ட வேண்டியதில்லை.

கடிதத்தின் ஓரத்தில், பிள்ளையின் இசைச் செலவுக்காக முதலீட்டுடன் இணைந்த காப்பீட்டுத் திட்டம் ஒன்றை முகவர் பரிந்துரைத்ததாகவும் குறித்திருந்தீர்கள். அடுத்த ஆண்டே தேவைப்படும் பணத்தைப் பல ஆண்டுகளுக்கு எடுக்க முடியாத இடத்தில் போடச் சொல்கிறவரிடம் பேச்சைச் சுருக்கிக்கொள்ளுங்கள். தவணையில் மிச்சமாகும் 3ஐ மாதம்தோறும் சாதாரணத் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். ஐந்தாம் கிரேடு தேர்வுக்கும் தியரிக்கும் அதிலிருந்தே கட்டலாம். பயிற்சி நிலையத்துக்கு இந்த வாரமே எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்து, கடன் கோரிக்கை ரத்தானதற்கான உறுதியைக் கடன் தருபவரிடமிருந்து நேரடியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.