பொள்ளாச்சி–வால்பாறை சாலை எந்த வழியாகப் போகிறது? புதிதாக ஓட்டுபவருக்குச் சிரமமா?

மொத்தமே சுமார் 64 கிலோமீட்டர்தான், ஆனால் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். பொள்ளாச்சியிலிருந்து அங்கலக்குறிச்சி, ஆழியாறு வரை சமவெளி. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, சும்மா போய்விடலாம். ஆழியாறு அணையை ஒட்டி வனத்துறை சோதனைச் சாவடி. பிளாஸ்டிக் பாட்டில், பை எல்லாம் முன்பே வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம் குரங்கு அருவி. அங்கே வண்டிக் கண்ணாடியை ஏற்றியே வையுங்கள், பெயர் சும்மா வைக்கவில்லை.

அதற்கு மேல்தான் மலை. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுசாகத் தெரியும். அந்தப் பாறைப் பகுதியில் வரையாடுகள் சாலையோரமே வந்து நிற்கும். அடுத்து அட்டகட்டி, பிறகு தேயிலைத் தோட்டங்கள். கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் பஸ்கூடத் தெரியாது. வால்பாறை நெருங்கும்போது புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குகள் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அங்கே மெதுவாகப் போங்கள்.

சிரமமா என்றால், ஏறுவதைவிட இறங்குவதுதான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். வளைவில் ஹாரன் அடித்து, ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிவிடுவது நல்லது.