விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் பதவியை எப்படி இழந்தார்?

தேர்தலில் தோற்று அல்ல; 2016 தேர்தலுக்குச் சில மாதம் முன்பே, பிப்ரவரியில், எண்ணிக்கை குறைந்ததால் போனது.

2011-ல் அதிமுக கூட்டணியில் 41 இடங்களில் நின்ற தேமுதிக 29-ல் வென்றது. திமுகவுக்கு 23 மட்டுமே. அதனால் ரிஷிவந்தியத்தில் வென்ற விஜயகாந்துக்குப் பதவி கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது: 234 பேர் கொண்ட சபையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் இந்தப் பதவிக்கு வேண்டும். அதற்கு மேல் கையிருப்பில் மிச்சம் வெறும் 5.

2012 பிப்ரவரியில் ஜெயலலிதாவுடன் சபையில் நேருக்கு நேர் மோதல், கூட்டணி முறிந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து தேமுதிக எம்.எல்.ஏ.க்கள் சிலர் 'தொகுதிப் பிரச்சினை' என்று கோட்டைக்குப் போய் முதல்வரைச் சந்திக்கத் தொடங்கினார்கள். கட்சி மாறியதாக அவர்கள் அறிவிக்கவே இல்லை. ராஜினாமா செய்தால் இடைத்தேர்தல் வரும், கட்சி மாறினால் பதவி பறிபோகும்; இரண்டும் இல்லாமல் தேமுதிக உறுப்பினராகவே உட்கார்ந்திருந்தார்கள். தகுதிநீக்கம் சபாநாயகர் கையில். கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

2013 டிசம்பரில் தேமுதிகவின் ஆலந்தூர் எம்.எல்.ஏ. பண்ருட்டி ராமச்சந்திரன் பதவி விலகினார். ஆலந்தூர் இடைத்தேர்தலில் அந்த இடம் அதிமுகவுக்குப் போனது. மீதி 28. 2016 பிப்ரவரியில் அதிருப்தியாளர்கள் 8 பேர் ஒன்றாக ராஜினாமா செய்ய, 20 ஆனது. பொதுத்தேர்தல் நெருங்கியதால் இடைத்தேர்தல் பேச்சுக்கே இடமில்லை.